ஐந்து நிமிடம் பக்கத்தில் இருங்கள்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதியில் எழுந்து போக நேர்ந்தாலும் இது மட்டும் உங்களோடு வரட்டும். எங்காவது ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்காதீர்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பிறகு மணி பாருங்கள். எல்லாரும் மறந்துபோவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

சாவியை ஊரே நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் விழுந்ததும் “இரும்பு, இரும்பு” என்று நாலு பேர் கத்துவார்கள். பூக்கடைக்காரர் கல்லாப்பெட்டிச் சாவியை உருவிக்கொண்டு ஓடி வந்து, இறுகிக் கிடக்கும் விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பதற்குள் அந்த நேரம் கடந்திருக்கும். உதறல் அடங்கும். பெயர் சாவிக்குப் போகும். அவர் நல்ல மனதோடுதான் ஓடி வந்தார், அந்த ஓட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே நேரத்தில், மல்லாந்து கிடப்பவரின் எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் வாயோரமாக வெளியே வடிந்திருக்கும். நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பதும் உண்மையில்லை. நாக்கின் ஓரம் கடிபடலாம், அது சில நாளில் ஆறிவிடும். அதைத் தடுக்கப் போய்க் கரண்டியை நுழைத்தால் பல் உடைந்து உள்ளே போகும்.

மணி பார்ப்பது எதற்கென்றால், ஐந்து நிமிடம் என்பது ஓர் எல்லை. அதைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மருந்து கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு வலிப்பு நின்று நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், தண்ணீருக்குள் வந்திருந்தாலும், இதுதான் வாழ்நாளில் முதல் முறை என்றாலும் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். பதற்றத்தில் அரை நிமிடம்கூடப் பத்து நிமிடமாகத் தெரியும். அதனால்தான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

நின்ற பிறகு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. குழந்தை குழம்பிப் போய் விழிக்கும், தலை வலிக்கும், அடித்துப் போட்டதுபோல் தூங்கும். முழு நினைவு வரும்வரை தண்ணீர், சோடா எதையும் புகட்டக் கூடாது. உடையில் சிறுநீர் போயிருக்கலாம், அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். கண் திறந்ததும் அந்தப் பிள்ளை முதலில் பார்ப்பது இருபது முகங்களாகவும் நாலு செல்போன்களாகவும் இருக்கக் கூடாது. “ஒண்ணுமில்லம்மா, சரியாயிடுச்சு, அத்தை இங்கயேதான் இருக்கேன்” என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். என் மகளுக்கு வலிப்பு பெரும்பாலும் நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில்தான் வந்திருக்கிறது. பள்ளியில், வேனில், டியூஷன் மாடிப்படியில். அந்த நேரங்களில் அவளைக் காப்பாற்றியவர்கள் அப்போது அங்கே இருந்தவர்கள்தான். வலிப்புள்ள குழந்தையை அம்மா அப்பா மட்டும் வளர்த்துவிட முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? மூளையின் நரம்பணுக்கள் மெல்லிய மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வாரச் சந்தையில் ஆளுக்கொரு பேச்சு பேசிக்கொண்டிருப்பார்களே, அப்படித்தான் சாதாரண மூளை. திடீரென்று சந்தையே ஒரே சொல்லை ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினால் எப்படி இருக்கும்? ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே தாளத்தில் துடிக்கும் அந்தச் சில நொடிகள்தான் வலிப்பு. கையை ஆட்டும் பகுதியில் துடிப்பு கிளம்பினால் கை உதறும். பார்வைப் பகுதியில் கிளம்பினால் வண்ணப் பொட்டுகள் தெரியும். மூளை முழுக்கப் பரவினால் நினைவு தப்பி, உடல் விறைத்து, வெட்டி வெட்டி இழுக்கும். நாம் சினிமாவில் பார்ப்பது இந்தக் கடைசி வகையை மட்டும்தான்.

சினிமாவில் வராத ஒரு வகை என் வீட்டில் வந்தது. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டில் ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், ஸ்பூன் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிடும். இமை லேசாகப் படபடக்கும். பத்து நொடி இருக்கும். பிறகு ஸ்பூன் வாய்க்குப் போகும், விட்ட பேச்சைத் தொடர்வாள். அவளுக்கு இடையில் எதுவும் நடந்ததாகவே தெரியாது. இதன் பொருளை முதலில் கண்டுபிடித்தவர் அவளுடைய வகுப்பாசிரியை. சொல்வதெழுதல் நோட்டை என்னிடம் காட்டினார். பத்துச் சொற்களில் நாலாவதும் ஏழாவதும் காலியாக இருந்தன, மற்ற எட்டும் ஒரு பிழையில்லாமல் இருந்தன. “தெரியாத பிள்ளைன்னா கஷ்டமான வார்த்தையைத்தான விடும்? இவ ‘மரம்’ விட்டிருக்கா, ‘வீடு’ விட்டிருக்கா. அந்த நேரத்துல இவளுக்கு நான் சொன்னதே கேக்கலைன்னு தோணுதுங்க” என்றார். வெறித்துப் பார்க்கும் வலிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். ஒரு நாளில் பல முறை வரக்கூடியது. வகுப்பில் கனவு காணும் பிள்ளை, கவனம் இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளில் சிலருக்கு இது இருக்கலாம். ஆசிரியர்கள் இதைப் படித்தால் உங்கள் வகுப்பு நோட்டுகளை ஒரு தடவை இந்தக் கண்ணோடு புரட்டிப் பாருங்கள்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார்கள். முந்தின இரவு குறைவாகத் தூங்க வைக்க வேண்டும் என்பது சட்டம். தூக்கம் குறைந்த மூளையில் அலைகள் எளிதாகப் பிடிபடும். தலை முழுக்கப் பசை தடவிச் சின்னச் சின்னத் தட்டுகளை ஒட்டினார்கள். அந்தப் பசையை முடியிலிருந்து எடுக்க நல்லெண்ணெயும் பொறுமையும் வேண்டும். கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொன்னார் டெக்னீஷியன். வேகமாக மூச்சு விட்டால் இந்த வகை வலிப்பு கிளம்பிவிடும். ஊதிக்கொண்டே இருந்தவள் நின்றாள், காற்றாடியும் சுற்றி நின்றது. திரையில் அதுவரை கிறுக்கலாக ஓடிய கோடுகள் நொடிக்கு மூன்று என்று ஒரே அளவில் ஏறி இறங்கின. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். அவர் தொடங்கி வைத்ததால்தான் ஏழெட்டு நொடிகளில் எங்களுக்கு விடை கிடைத்தது.

எல்லாருக்கும் இப்படிப் பளிச்சென்று தெரியாது. எடுக்கும் அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் இ.இ.ஜி. சரியாகவே வரும். அதனால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. டாக்டருக்கு மிக உதவுவது நீங்கள் சொல்லும் விவரம்தான். எந்தப் பக்கம் கண் போனது, முதலில் உதறியது எந்தக் கை, எவ்வளவு நேரம், தூங்கும்போதா விழித்த உடனேயா? குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு வீட்டில் ஒருவர் செல்போனில் படம் எடுத்து வைத்தால் பாதி நோயறிதல் முடிந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்காக எடுப்பதற்கும் வேடிக்கைக்காக எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு எடுப்பவருக்குத் தெரியும்.

ஒரு தடவை வலிப்பு வந்ததுமே வலிப்பு நோய் என்று முத்திரை குத்துவதில்லை. வெளிக்காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்தால்தான் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரும். பார்ப்பவர் குலை நடுங்கிப்போகும், ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வருவதில்லை.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை, பெரும்பாலும் தூங்கி எழுந்த உடனே, தலையையும் இடுப்பையும் முன்னால் மடித்துக் கைகளை விரித்து வணக்கம் சொல்வதுபோல ஒரு வெட்டு வெட்டும். சில நொடி கழித்து இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று வரிசையாக வரும். வயிற்றுவலி, வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். 1841-இல் இங்கிலாந்தில் டான்பிரிட்ஜ் என்ற ஊரில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்த இந்த வெட்டைக் கவனித்து, ‘லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டு எழுதிய கடிதம் அது. அந்தத் தகப்பனுக்கு அன்று விடை கிடைக்கவில்லை. இன்று மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். இப்படி ஒரு வெட்டைப் பார்த்தால் அடுத்த வாரம் என்று தள்ளாமல் அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

“ஏன் எங்க பிள்ளைக்கு?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். பிறக்கும்போது மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல், தலையில் அடி, பிறவி அமைப்பு, மரபணு என்று காரணங்கள் உண்டு. பலருக்குக் காரணமே பிடிபடாது. நம் நாட்டில் பரவலாக இருக்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்த கதையில் வேலூருக்குப் பங்கு இருக்கிறது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில் வலிப்பு வந்த பலரின் மூளையில் சின்ன வளையம் ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்துப் பலருக்குக் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய மருத்துவர்களின் குழு, அறுவை செய்து எடுத்த திசுக்களைப் பரிசோதித்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் லார்வா என்று 1989-இல் எழுதியது. பலருக்கு அந்த வளையம் சில மாதங்களில் தானாகவே கரைந்துவிடும், வலிப்பு மருந்தையும் பிறகு நிறுத்திவிடலாம். இந்தப் புழு பன்றி இறைச்சி சாப்பிடுபவர்களுக்குத்தான் வரும் என்று சொல்லிச் சைவக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வயிற்றில் நாடாப்புழு உள்ளவரின் மலத்தின் வழியாக முட்டை மண்ணுக்கும் தண்ணீருக்கும் காய்கறிக்கும் வருகிறது. கழுவாத கொத்தமல்லி, கழுவாத கை, இவற்றின் வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். கழிப்பறை கட்டுவதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் வலிப்புத் தடுப்புதான்.

இன்னொன்று தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம் பார்க்கப்படுவது. சூடான தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது மட்டும் வரும் வலிப்பு. பெங்களூரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே.எஸ்.மணி 1960-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் குழந்தை மயங்கி விழுந்தால் வீட்டில் வேறு கதைகள் கிளம்பும். கதைகளை விட்டுவிட்டு, தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கொள்ளுங்கள், டாக்டரிடம் “வெந்நீர் ஊத்துறப்ப வருது” என்று அப்படியே சொல்லுங்கள். பலருக்கு வெப்பத்தைக் குறைத்ததுமே குறைந்துவிடுகிறது. மணியின் பெயர் இன்னொரு இடத்திலும் வரும், சொல்கிறேன்.

இப்போது மருந்துக்கு வருவோம். வலிப்புள்ள வீட்டின் கடிகாரம் மருந்தைச் சுற்றித்தான் ஓடும். எங்கள் வீட்டில் காலை எட்டு, இரவு எட்டு. ஊசியில்லாத சிரிஞ்சில் சிரப்பை உறிஞ்சி, குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றி, கோடு சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, கன்னத்தின் உட்பக்கமாக மெல்லத் தள்ள வேண்டும். மூடியில் அளக்காதீர்கள், டீஸ்பூனில் அளக்கவே அளக்காதீர்கள். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. கொடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு போடுவோம். நீ கொடுத்தாயா நான் கொடுத்தேனா என்ற குழப்பத்தில்தான் டோஸ் தவறுவதும் இரண்டு தடவை போவதும் நடக்கும். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த பாட்டில் வீட்டில் இருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மருந்து பெட்டியில் போகாமல் கைப்பையில் போக வேண்டும். கடையில் “இதுவும் அதேதான்” என்று வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மருந்தைத் திடீரென்று நிறுத்துவதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை. நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். மூன்று மாதமாக வரவில்லை, இனி எதற்கு மருந்து என்று தாத்தா கேட்பார். மருந்து கொடுத்ததால்தான் வரவில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்தால் டாக்டர் தானே பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார். பல குழந்தைகளுக்கு வளர்ந்ததும் இது விட்டுப்போகவும் செய்யும். தாயத்து கட்டுகிறீர்களா, கட்டிக்கொள்ளுங்கள். கோயிலில் வேண்டிக்கொள்கிறீர்களா, நானும் வேண்டிக்கொள்கிறேன். சூடு போடுவதை மட்டும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். ஏற்கெனவே நோயோடு இருக்கும் குழந்தைக்குத் தீக்காயத்தையும் சேர்த்துக் கொடுப்பது அது.

மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. தூக்கக் கலக்கம், சில மருந்தில் பசி கூடும், சிலவற்றில் கோபமும் அழுகையும் கூடும். புதிய மருந்து தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ கொப்புளமோ வந்தால் உடனே காட்டுங்கள். பெண் குழந்தை வால்புரோயேட் எடுத்துக்கொண்டிருந்தால், அவள் வளரும்போது மருந்தை மாற்றுவது பற்றி நீங்களாகவே டாக்டரிடம் பேச்செடுங்கள். பின்னாளில் கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. இந்தப் பேச்சைக் கல்யாணம்வரை தள்ளிப்போடுகிறார்கள்.

கட்டுப்படாதவர்களும் இருக்கிறார்கள். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் பெரிய மையத்துக்குப் போக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சை நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ரயில் ஏறிப் போகிறார்கள். கொழுப்பை மிகக் கூட்டி மாவுச்சத்தை மிகக் குறைக்கும் கீட்டோ உணவு முறையை வலிப்புக்காக 1921-இலேயே பரிந்துரைத்தார்கள். யூடியூபைப் பார்த்து வீட்டில் தொடங்குகிற காரியமில்லை இது. இட்லியும் சோறும் இல்லாத தட்டைத் தினமும் ஒரு குழந்தை முன்னால் வைப்பதற்கு உணவியல் நிபுணரின் கைப்பிடிப்பு வேண்டும்.

பயத்தோடு வளர்ப்பதா, விட்டுப் பிடிப்பதா? என் அனுபவத்தில் தண்ணீர், உயரம், நெருப்பு, தூக்கம் இந்த நாலில் மட்டும் கண்டிப்பாக இருந்தால் போதும். குளியலறைத் தாழ்ப்பாள் போடக் கூடாது, கதவில் ‘உள்ளே ஆள்’ என்று ஒரு அட்டை தொங்கட்டும். கிணற்றிலும் குளத்திலும் தனியாக இறங்கக் கூடாது. நீந்துவதானால் தூக்கத் தெரிந்த ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே கூட இருக்க வேண்டும். மொட்டை மாடிச் சுவரில் உட்காரக் கூடாது. திருவிழா இரவு விழித்திருந்துவிட்டு மறுநாள் காலை வலிப்பு வந்த பிள்ளைகள் பலர் உண்டு, ஆகவே கூத்து பாதியில் இருந்தாலும் பத்து மணிக்குப் படுக்கை. மற்றபடி ஓடட்டும், கோகோ விளையாடட்டும், சுற்றுலா போகட்டும். வீட்டுக்குள் பூட்டி வளர்த்த பிள்ளைக்கு வலிப்பு நின்ற பிறகும் பயம் நிற்பதில்லை. கூடப் பிறந்த குழந்தையையும் கவனியுங்கள். அக்காவுக்கு என்னவோ ஆகிறது என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட என் மகனுக்கு, மணி பார்த்துச் சொல்லும் வேலையைக் கொடுத்த பிறகுதான் தைரியம் வந்தது.

பள்ளிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். வலிப்பு எப்படி வரும், என்ன செய்ய வேண்டும், எப்போது 108, யார் நம்பர். டாக்டர் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் எத்தனை முறை அடிப்பது என்ற குறிப்பும் பையின் முன்பக்கத்தில் இருக்கட்டும். வேன் டிரைவருக்கும் சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோர் தயங்குவது இங்கேதான். “பொம்பளப் புள்ளைங்க, வெளியில தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?” என்று என்னிடமே எத்தனையோ தாய்மார் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பயம் காற்றிலிருந்து வந்ததில்லை. இந்துத் திருமணச் சட்டம் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாகவே எழுதி வைத்திருந்தது. வலிப்பு நோய் அமைப்புகளும் மருத்துவர்களும் விடாமல் போராடி 1999-இல் அந்தச் சொல்லை நீக்க வைத்தார்கள். சட்டத்தில் போன கறை மனதில் போக இன்னும் காலம் ஆகிறது. ஆனால் மறைத்து வைத்த வலிப்புக்குப் பக்கத்தில் இருப்பவர் சாவியைத்தான் தேடுவார். சொல்லி வைத்த வலிப்புக்குக் கடிகாரத்தைப் பார்ப்பார். கல்யாணப் பேச்சிலும் முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு. மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிய வீட்டில் மாத்திரை தவறும்.

இன்னொரு டீ போடட்டுமா? உதவியாக நாம் கொடுப்பதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

உலகத்தில் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருமானம் குறைந்த நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மருந்து கிடைப்பதில்லை. இத்தனைக்கும் பினோபார்பிடோன் 1912 முதல் இருக்கிறது, மிக மலிவான மாத்திரை. நான் முன்பு சொன்ன மருத்துவர் மணியும் அவருடைய குழுவினரும் கர்நாடகத்தின் எளந்தூர் பகுதிக் கிராமங்களில் வீடு வீடாக வலிப்புள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, இதுபோன்ற பழைய மலிவு மருந்துகளையே கொடுத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைத்தது. பல வலிப்புகள் வந்து சேர்வதற்கு முன்பே மருந்து தொடங்கியவர்களுக்கு இன்னும் நல்ல பலன் கிடைத்தது. 2001-இல் லான்செட் இதழில் அந்த ஆய்வு வந்தது. அவர்கள் செய்ததில் புது மருந்து எதுவும் இல்லை. தேடிப் போனார்கள், விடாமல் போனார்கள்.

நாம் கொடுப்பதும் அப்படி இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பிறந்தநாளன்று ஒரு வேளைச் சாப்பாடு போடுவது நல்ல காரியம். வலிப்புக்கு ஒரு நாள் கொடை உதவாது. இந்த மாதம் மாத்திரை வாங்கித் தந்து அடுத்த மாதம் நிறுத்தினால், தொடங்காமல் இருந்ததைவிடக் கெடுதலாகவும் முடியலாம். கொஞ்சமாகக் கொடுங்கள், மாதாமாதம் கொடுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மாத்திரைகளை இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் மாத்திரை இலவசம் என்றாலும் அந்த நாள் இலவசமாகக் கிடைப்பதில்லை. காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்பினால் கூலி போய்விட்டது, பஸ் காசும் போய்விட்டது. நெல் அறுவடை நேரத்தில் ஒரு தாய் அந்த நாளை எங்கிருந்து எடுப்பாள்? அதனால்தான் மாத்திரை விட்டுப்போகிறது. உங்கள் தெருவில், உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் குடும்பத்தில், இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அல்லது அந்த நாளில் நீங்கள் கூடப் போய் வாருங்கள். அமைப்புகளுக்குக் கொடுப்பதானால், வந்தவருக்கு மட்டும் மருந்து தருபவர்களைவிட, அடுத்த மாதம் வராதவரைத் தேடிப் போகிறவர்களுக்குக் கொடுங்கள். கேட்டுப் பார்த்துக் கொடுங்கள், கேட்பதில் தவறில்லை.

பணம் இல்லாதவர்கள் கொடுக்கக்கூடியதும் உண்டு. கனடாவில் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த கேசிடி மேகன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தன்னைப்போல வலிப்புள்ள இன்னொருவர் தனியாக இருப்பதாக நினைக்கக் கூடாது என்று 2008-இல் மார்ச் 26-ஐ ஊதா நாளாக அறிவித்தாள். அன்றைக்கு ஊதா உடை உடுத்துவது இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் நாட்டில் நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் நாள்.

அந்த நாளில் உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் காலை வழிபாட்டில் பத்து நிமிடம் கேளுங்கள். ஒரு பாய், ஒரு துண்டு, ஒரு கடிகாரம் போதும். ஒரு பிள்ளையைப் படுக்க வைத்து, இன்னொரு பிள்ளையை விட்டு ஒருக்களிக்கச் சொல்லி, மற்றவர்களை நேரத்தை உரக்க எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருக்கும், மறக்கவே மாட்டார்கள். அன்று மாலையே வீட்டில் பாட்டியைப் பாயில் படுக்க வைத்துச் செய்து காட்டுவார்கள். சாவி வேண்டாம் என்று நாம் சொன்னால் கேட்காத பாட்டி, பேரன் சொன்னால் கேட்பாள். தேர்வு நேரம் என்றால் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள், போங்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே நாளில் சொல்ல முடியாவிட்டால் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள், வேன் டிரைவர்களையும் சத்துணவு அக்காக்களையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.